எஃப் மைனர் வரும் இடத்தில் என்ன வாசிப்பது

தம்பிக்கு,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்கப் போவதில்லை. காலையில்தான் போனில் உன் முகத்தைப் பார்த்தேன். தாடியை ஒழுங்காக வெட்டியிருக்கிறாய். கட்டப்போகிற தர்ஷினி சொல்லியிருப்பாள், நான் சொல்லி நீ எப்போது வெட்டினாய். போனில் சொல்ல வராத விஷயங்கள் சில இருக்கின்றன. நான் பேச வாயைத் திறந்தால் உங்கம்மா பக்கத்தில் வந்து தலையை நீட்டுவாள், நீ "அப்பா, சத்தம் வெட்டுது" என்பாய், நான் சொல்ல வந்ததை விழுங்கிவிட்டு இங்கே நல்ல மழை என்பேன். அதனால் எழுதுகிறேன். நீ கேட்ட கிட்டார் லீட்டையும் பதிவு செய்து இதோடு அனுப்புகிறேன். கடிதத்தை முதலில் வாசி, பிறகு அதைக் கேள். எதையும் கடைசியிலிருந்து பார்க்கிற பழக்கம் உனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு, அதனால்தான் சொல்லி வைக்கிறேன்.

எங்களுக்கு விசா இல்லை என்ற செய்தி வந்த அன்று உங்கம்மா அலுமாரியைத் திறந்தாள். உன் கல்யாணத்துக்கென்று கண்டி டவுனில் வாங்கி வந்த சாரியைக் கட்டிலில் விரித்து, மறுபடி மடித்து, அலுமாரியில் மேல் தட்டில் வைத்தாள். பிறகு இராச் சாப்பாட்டுக்குப் பாண் வெட்டினாள். நாங்கள் கனடாவுக்கு வந்தால் திரும்பிப் போக மாட்டோம் என்று விசா கொடுப்பவர்களுக்குச் சந்தேகமாம். வத்தேகமவில் வீடு, வீட்டுக்குப் பின்னால் நாலு மிளகுக் கொடி, உங்கம்மா கையால் சோறு வைக்காவிட்டால் பட்டினி கிடக்கும் நாய். இதையெல்லாம் விட்டுவிட்டு அவள் அங்கே பனி அள்ளப் போகிறாளாம். நல்ல கதை. நான் சத்தமாகச் சிரித்தேன். சிரித்துவிட்டுக் குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். ஒரே மகன், தம்பி. உன் கல்யாணத்தில் நான் எந்தச் சட்டை போடுவேன் என்பதைக்கூட யோசித்து வைத்திருந்தேன்.

அந்த வாரக் கடைசியில் நீ கூப்பிட்டாய். "நீங்க வர முடியாட்டி உங்க கிட்டாராவது வரட்டும்பா" என்றாய். நீயும் தர்ஷினியும் சேர்ந்து ஒரு சின்ன இசை செய்திருக்கிறீர்கள், அவள் கீபோர்ட், நீ ரிதம் கிட்டார். வரவேற்பு அன்று அவள் கல்யாண மண்டப ஹோலுக்குள் நடந்து வருகிற நேரத்தில் அது போகும், அதற்கு மேலே லீட், அதாவது மெட்டு, நான் வாசிக்க வேண்டும். நான் பெரிய மனுஷன் மாதிரி "பாப்போம், பாப்போம்" என்று சொன்னேன். போனை வைத்தவுடன் கிட்டாரை எடுக்க ஓடினதை உங்கம்மா பார்த்துவிட்டாள். அன்றிலிருந்து இன்றுவரை எனக்கு வேறு நினைப்பில்லை. உன் கல்யாணத்துக்கு நான் வருகிற ஒரே வழி இதுதான். அதில் ஒரு சுரம் பிசகினால், கல்யாண வீட்டுக்குள் இடறி விழுந்துகொண்டு வந்த தகப்பன் ஆகிவிடுவேன்.

நீ அனுப்பியதைப் போட்டுக் கேட்டேன். சீ மேஜர், ஏ மைனர், எஃப் மேஜர் என்று மூன்று கோர்ட். அட, நம்ம பழைய கூட்டாளிகள். எத்தனை கல்யாண வீட்டில் இந்த மூன்றையும் வைத்துப் பிழைத்திருக்கிறேன்! கண்ணை மூடிக்கொண்டு வாசிப்பேன். நாலாவதாக ஜீ வரும் என்று விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தேன். வந்தது எஃப் மைனர். எனக்குக் கீழே இருந்து யாரோ ஏணியை எடுத்துவிட்டது போல இருந்தது. மறுபடி போட்டேன், மறுபடியும் அதே இடத்தில் தடுக்கினேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நானும் அதைத்தான் செய்தேன். "எந்த மடையன் இந்த இடத்துல இத போட்டான்?" என்று வீட்டில் சத்தம் போட்டேன். மடையன் நீதான் என்று நினைத்துத்தான் திட்டினேன், கோபித்துக்கொள்ளாதே.

நான் இரண்டு நாள் அந்த ஒரே இடத்தில் மாட்டிக்கொண்டு முனகுவதைக் கேட்டு உங்கம்மாவுக்குப் பொறுக்கவில்லை. கீரை ஆய்ந்துகொண்டே, "அப்புடி என்னத்தத்தாங்க தேடுறீங்க?" என்றாள். நான் சொன்னேன்: "கோர்டுன்னா மூணு சுரத்த ஒண்ணா சேத்து தட்டுறது. அது அடியில போய்க்கிட்டே இருக்கும். ஸ்கேல்னா அதுக்கு மேல எந்தெந்த சுரத்துல நடக்கலாம்ங்கிறது. கோர்ட் மாறுறப்ப நடக்கிற சுரமும் மாறணுமா வேணாமான்னுதான் பாக்குறேன்." அவள் யோசித்தாள். "இத்தன வருஷமா இது தெரியாமலா வாசிச்சீங்க?" என்றாள். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கடிதத்தின் பாதி போகப்போகிறது.

நான் பிறந்து வளர்ந்த கலஹா தேயிலைத் தோட்டத்தில் கிட்டார் கிடையாது. மார்கழி வந்தால் விடியலில் பஜனை; உங்க தாத்தா ஆர்மோனியம், நாங்கள் பின்னால் குளிரில் நடுங்கிக்கொண்டு பாடுவோம். அங்கே சுருதி என்றால் ஒன்றுதான். ஆர்மோனியத்தில் சா-வை அழுத்திப் பிடித்துக்கொண்டால், லயத்து வீடுகளைச் சுற்றிக் கோயிலுக்கு வந்து சேரும் வரைக்கும் அது அசையாது. பாட்டு மாறும், ராகம் மாறும், சா மாறாது. அந்தக் காதோடுதான் நான் டவுனுக்கு வந்தேன். பகலில் மின்சாரச் சாமான் கடையில் வேலை, சனி ஞாயிறில் கல்யாண வீடுகளுக்கு வாசிக்கிற ஒரு பேண்டில் லீட் கிட்டார். கை வேகம் இருந்ததால் எடுத்துக்கொண்டார்கள். கோர்ட் என்ற சாமான் எனக்கு விளங்கவே இல்லை. அடியில் இருப்பது மாறிக்கொண்டே போகிறதே, அப்படியானால் இவர்கள் சா-வையே மாற்றுகிறார்கள் என்று நானாக ஒரு முடிவுக்கு வந்தேன். சீ வந்தால் சீ-யில் சா வைத்து மோகனம் வாசிப்பேன். எஃப் வந்தால் எஃப்-இல் சா வைத்து அதே மோகனம். ஜீ வந்தால் ஜீ-யில். சிரிக்காதே, மேஜர் கோர்ட்களுக்கு அது அருமையாகப் பொருந்திவிட்டது. எல்லோரும் தட்டிக்கொடுத்தார்கள். நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று இருந்தேன்.

கட்டுகஸ்தோட்டையில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளையும் பெண்ணும் கேக் வெட்டப் போகிறார்கள், மெதுவான பாட்டு, ஏ மைனரில் நீண்டு நிற்கிற இடம். எனக்கு லீட் தந்தார்கள். நான் வழக்கப்படி ஏ-யில் சா வைத்து மோகனத்தை எடுத்து விட்டேன். ஏ மைனரில் இருப்பது சின்ன காந்தாரம், மோகனத்தில் இருப்பது பெரிய காந்தாரம். இரண்டும் ஒரே நேரத்தில் பெரிய ஸ்பீக்கரில் மோதினால் எப்படி இருக்கும்? நான் தப்பு என்று நினைக்கவே இல்லை, சத்தம் சரியாகக் கேட்கவில்லை போலிருக்கிறது என்று இன்னும் கூட்டி வைத்து வாசித்தேன். மாப்பிள்ளை கத்தியைக் கேக்கில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். பேஸ் கிட்டார் வாசித்த நிஸாம் மாமா, உனக்குத் தெரியும், அக்குறணைக்காரர், சிரித்த முகத்தோடு என் பக்கத்தில் வந்து, ஆட்களுக்குத் தெரியாமல் என் ஆம்ப் ஸ்பீக்கரின் சத்தத்தைக் குறைத்துவிட்டார். குறைத்துக்கொண்டே காதில் சொன்னார்: "மச்சான், கல்யாண வூட்டுல மையத்து வூட்டு சத்தம் வருது." சாவு வீட்டுச் சத்தமாம்!

அடுத்த நாள் வத்தேகம பஸ் புறப்படும் இடத்துக்குப் பக்கத்துக் கடையில் பிளேன்டீ குடித்துக்கொண்டு நான் அவரோடு சண்டை பிடித்தேன். ராகம் சுத்தமாகத்தான் வாசித்தேன், உன் கோர்ட்தான் கோணல் என்றேன். அவர் கோபப்படவில்லை. "நீ எங்க போனாலும் ஒன்ட வூட்டயும் தலயில தூக்கிட்டு போறா. ஏ மைனர்ட வூட்டுல யார் யார் ஈக்கிறாங்கண்டு பாத்துட்டு உள்ளுக்கு போ" என்றார். அந்த ஆளுக்குச் சுரம் எழுதத் தெரியாது, ராகத்தின் பெயர் தெரியாது, என்னைவிட மூத்தவரும் இல்லை. அவருக்கு இருந்தது காது. நான் வாசிக்கும்போது என்னைக் கேட்டேன், அவர் வாசிக்கும்போது மற்றவர்களைக் கேட்டார். அவ்வளவுதான் வித்தியாசம்.

சரி என்று நான் திருந்தினேன் பார், அதுதான் அடுத்த கூத்து. கோர்ட்டுக்கு ஒரு ஸ்கேல் என்று போட்ட ஒரு புத்தகத்தை எங்கிருந்தோ தேடிப் பிடித்து நெட்டுருப் போட்டேன். இப்போது சீ-க்கு ஒன்று, ஏ மைனருக்கு வேறொன்று, எஃப்-க்கு இன்னொன்று. கோர்ட் மாறும் முன் மூச்சுவிட நேரமில்லாமல் தாவினேன். ஒரு தப்பும் இல்லை, ஒரு பாட்டும் இல்லை. ஒவ்வொரு ஹோல்ட்டிலும் பஸ்ஸை விட்டு இறங்கி அடுத்த பஸ்ஸில் ஏறுகிறவன் எப்போது வீடு போய்ச் சேருவான்? நிஸாம் மாமா அதையும் கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இந்த கோர்ட் எல்லாம் ஒரே குடும்பம் மச்சான். ஒரே ஏழு நோட்டுலதான் எல்லாம் ஈக்குது. நீ ஸ்கேல மாத்தத் தேவில்ல. எந்த நோட்டுல போய் நிக்கிறண்டத மட்டும் மாத்து." வீட்டுக்கு வந்து விரலால் தடவிப் பார்த்தேன். உண்மை. சீ-யில் சா வைத்த சங்கராபரணத்தின் ஏழு சுரத்துக்குள்ளேயே ஏ மைனரும் எஃப்-ம் ஜீ-யும் அடங்கிக் கிடக்கின்றன. சா அசையவே வேண்டாம். கோர்ட் மாறும்போது அதற்குச் சொந்தமான சுரத்தில் வந்து கொஞ்சம் இளைப்பாறினால் போதும். உங்க தாத்தா ஆர்மோனியத்தில் அழுத்திப் பிடித்த சுருதியும் உயிரோடு இருந்தது, பேண்டும் என்னைத் துரத்தவில்லை. அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷத்தை இன்றைக்கும் விரலில் உணர்கிறேன்.

நீ கிட்டார் பழகின விதம் வேறு. எல்லாம் போனிலேயே பார்த்துக்கொண்டாய். அலுமாரிக் கதவில் ஸ்கேல் படங்களை வரிசையாக ஒட்டி வைத்தாய், உங்கம்மா சாரி எடுக்கப் போனால் புள்ளி புள்ளியாக ஏதோ தெரியும். "அப்பா, உங்களுக்கு தியரி தெரியாது" என்பாய். "ஒனக்கு தியரி மட்டுந்தான் தெரியும்" என்பேன் நான். நாட்டில் பெட்ரோலும் இல்லை, காஸும் இல்லை, பின்னேரமானால் கரண்டும் இல்லை என்றிருந்த அந்த நாட்கள் ஞாபகம் இருக்கிறதா? ஊரே சபித்துக்கொண்டிருந்தது. நான் வெளியில் சொல்லவில்லை, எனக்கு அந்த நாட்கள் பிடித்திருந்தன. கரண்ட் போனவுடன் நீ போனை வைத்துவிட்டு வந்து வாசலில் என் பக்கத்துக் கதிரையில் உட்காருவாய். ஆம்ப் இல்லாமல் வெறும் கிட்டார் இரண்டு. நீ கோர்ட் பிடிப்பாய், நான் வாசிப்பேன், பிறகு நான் பிடிப்பேன், நீ வாசிப்பாய். மலைப்பக்கம் பனி இறங்கும், கீழ் வீட்டுப் பிள்ளைகள் மதிலில் ஏறி நின்று கேட்கும். அதே நாட்களில்தான் நீ வெளிநாட்டுக்குப் போக முடிவெடுத்தாய் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. நாம் சந்தோஷமாக வாசித்துக்கொண்டிருந்த அதே கதிரையில் உட்கார்ந்து நீ போவதைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாய். தப்பில்லை, இங்கே உனக்கு என்ன இருந்தது? ஆனாலும் அந்த வாசலில் இப்போது உட்காரும்போது கோர்ட் பிடிக்க ஆள் இல்லாதது தெரிகிறது. உன்னை நினைத்து நான் தனியாகக் கொஞ்சம் அழுததும் உண்டு. இதையும் போனில் சொல்லியிருக்க மாட்டேன்.

இப்போது கல்யாணத்தோடு ஒப்பிட்டுப் புத்தி சொல்வேன் என்று நீ எதிர்பார்ப்பாய். சொல்லத்தான் போகிறேன், தகப்பனுக்கு அந்த உரிமையாவது இருக்கட்டும். தெல்தோட்டையில் உங்கம்மா வீட்டில் ஆட்கள் அதிகம், எல்லோரும் வந்து உட்கார்ந்த பிறகுதான் சோறு போடுவார்கள். எங்கள் வீட்டில் வந்தவன் போட்டுச் சாப்பிட வேண்டியதுதான். கல்யாணமான புதிதில் நான் பேண்ட் முடித்து வரும்வரை இவள் சாப்பிடாமல் இருந்தாள். அதைப் பார்த்து நான் பெரிய தியாகி ஆனேன். பேண்டையே விட்டுவிட்டு, கடை மூடினதும் நேரே வீட்டுக்கு வந்து உட்கார்ந்தேன். ஒரு மாதம் ஆகியிருக்கும். ஒரு நாள் உங்கம்மா கிட்டாரைக் கொண்டு வந்து என் மடியில் வைத்தாள். "வீட்ல இருந்து மூஞ்சிய தூக்கி வச்சிக்கிட்டிருக்கிறதுக்கு இத தூக்கிட்டு போங்க. ஞாயித்துக்கிழம மத்தியானம் மட்டும் என்கூட உக்காந்து சாப்புடுங்க, எனக்கு அது போதும்" என்றாள். நான் முழு ஸ்கேலையும் மாற்றிக்கொண்டு நின்றேன், அவள் கேட்டது ஒரு சுரம். அந்த ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு இன்றுவரை தவறவில்லை, உனக்கே தெரியும். தர்ஷினி வீட்டார் யாழ்ப்பாணத்து ஆட்கள், நாம் மலைநாட்டு ஆட்கள். அவர்கள் குழம்பு வேறு, பேச்சு வேறு. நம்மைப் பற்றி அவர்களுக்குச் சில எண்ணங்கள் இருக்கும், நமக்கும் அவர்களைப் பற்றி இருக்கிறது. அதற்காக நீ அவர்களைப் போலப் பேசிப் பழகாதே, கேட்கச் சகிக்காது. நம் வீட்டைத் தலையில் தூக்கிக்கொண்டு போய் அங்கே இறக்கவும் செய்யாதே. எங்கே உரசுகிறது என்று கேள். அந்த ஒன்றை மாற்று.

இவ்வளவு பேசுகிற நான் அந்த எஃப் மைனரில் என்ன செய்தேன்? முதலில் என் ஏழு சுரத்தையே வாசித்தேன். அதில் இருக்கும் பெரிய தா, எஃப் மைனரில் இருக்கும் சின்ன தா-வோடு உரசி, சோற்றில் கல் கடிபட்டது போல வந்தது. பிறகு எஃப் மைனருக்கென்று உள்ள முழு ஸ்கேலையும் கொண்டு வந்து வைத்தேன். உரசல் போய்விட்டது, பாட்டும் போய்விட்டது. நடுவில் வேறு யாரோ வந்து வாசித்துவிட்டுப் போன மாதிரி. அந்த நேரத்தில்தான் தர்ஷினி கூப்பிட்டாள். நீ வேலைக்குப் போயிருந்தாய். கஷ்டப்படுகிறேன் என்று உங்கம்மா அவளிடம் கோள் சொல்லியிருக்கிறாள். "மாமா, அந்த எஃப் மைனர் வேண்டாமெண்டா சொல்லுங்கோ, எடுத்து விடுறன். அதை நான்தான் போட்டனான்" என்றாள். மடையன் என்று திட்டினது மருமகளையா! "இல்ல மகள், நல்லாத்தான் இருக்கு. சும்மா கேக்குறேன், ஏன் போட்டீங்க?" என்றேன்.

அவள் முதலில் அந்த இடத்தைக் கீபோர்டில் ஒருமுறை தட்டிக் காட்டினாள். பிறகு சொன்னாள்: "முதல் ஜீ தான் போட்டனான் மாமா. நல்ல சந்தோஷமா இருந்தது. ஆனா நீங்கள் ரெண்டு பேரும் வரேல்லை தானே. அந்தச் சந்தோஷத்துக்குள்ள அது ஒரு இடத்திலயாவது கேக்க வேணும் எண்டு நினைச்சன். பேந்து சீ வரேக்க எல்லாம் சரியாகிடும்." நான் கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தேன். சத்தம் வெட்டுகிறது என்று அவள் நினைத்திருப்பாள். "ஹலோ, மாமா? கேக்குதா?" என்றாள். கேட்கிறது மகள் என்றேன். தம்பி, நீ யாரைக் கட்டப் போகிறாய் என்று எனக்கு அந்த நிமிஷத்தில்தான் தெரிந்தது. இவ்வளவு நாளும் நல்ல பிள்ளை, படித்த பிள்ளை என்று ஆட்களிடம் சொல்லிக்கொண்டு திரிந்தேனே தவிர, எனக்கு அவளைத் தெரியாது.

அதற்குப் பிறகு சுரத்தைத் தேட வேண்டியிருக்கவில்லை. அவள் சொன்னதை வைத்துக்கொண்டு கேட்டேன், அது தானாக இருந்தது. சா அதே சா. ரி, கா, மா, பா, நி எல்லாம் அதே. தா மட்டும் அரைச் சுரம் கீழே இறங்க வேண்டும். எஃப் மேஜர் போகும்போது பெரிய தா-வில் நில், எஃப் மைனர் வந்ததும் சின்ன தா-வுக்கு இறங்கு, சீ திரும்பும்போது பா-வில் வந்து உட்கார். மூன்று படி. சங்கராபரணம் ஒரு மூச்சு நேரத்துக்குச் சரசாங்கி ஆகி மறுபடி சங்கராபரணம் ஆகிறது. உன் அலுமாரிக் கதவுப் படங்களில் இதற்கு வேறு பெயர் இருக்கும், எப்படி வேண்டுமானாலும் கூப்பிட்டுக்கொள். வேகமாக ஓட்டிக் காட்ட வேண்டும் என்று முதலில் இருந்த ஆசையெல்லாம் விட்டுப் போய்விட்டது. அந்த இடத்தில் சின்ன தா ஒன்றை மட்டும் நீட்டிப் பிடித்திருக்கிறேன்.

பதிவு செய்வதுதான் பெரும்பாடாகப் போய்விட்டது. போனை மேசையில் சாய்த்து வைத்து, நீ அனுப்பியதைப் பென் டிரைவில் ஏற்றிப் பழைய ரேடியோவில் போட்டு வாசித்தேன். ஒருமுறை பாண் விற்கிற த்ரீவீல்காரன் தன் பாட்டை வேறு சுருதியில் போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தான். ஒருமுறை நாய். ஒருமுறை மழை தகரத்தில் கொட்டியது. நேற்றுப் பின்னேரம் எல்லாம் அடங்கியிருந்தது. உங்கம்மா அடுப்பை அணைத்துவிட்டுக் குசினி வாசலில் வந்து நின்றாள். நான் பதிவு செய்கிறேன் என்று அவளுக்குத் தெரியாது, வழக்கம்போலப் பழகுகிறேன் என்று நினைத்திருக்கிறாள். விசா வராத நாளிலிருந்து அவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை தம்பி, ஒரு சொட்டுக் கண்ணீர் நான் பார்க்கவில்லை. எங்கே பூட்டி வைத்திருக்கிறாள் என்று எனக்குப் பயமாகவே இருந்தது. நான் வாசித்துக்கொண்டிருந்தேன். அவள் கண் என்னிடம் இல்லை, நம் தெரு வாசல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசிச் சுற்றில் எஃப் மைனர் வந்தது, நான் சின்ன தா-வைப் பிடித்தேன். அவள் யாருமில்லாத வாசலைப் பார்த்து, மெதுவாக, "வலது கால எடுத்து வச்சு வாம்மா" என்றாள். சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். சட்டி கழுவுகிற சத்தம் கேட்டது.

போனை எடுத்துக் கேட்டுப் பார்த்தேன். அவள் குரல் விழுந்திருக்கிறது. இன்று காலையில், அவள் கோயிலுக்குப் போன நேரம், அந்தக் குரல் இல்லாமல் சுத்தமாக இன்னொரு பதிவும் செய்தேன். விரல் ஒரு இடத்திலும் பிசகவில்லை, உன் அப்பா இவ்வளவு நன்றாக வாசித்து நீயே கேட்டிருக்க மாட்டாய். அதை உனக்கு அனுப்பவில்லை. நேற்றையதைத்தான் அனுப்புகிறேன். கம்ப்யூட்டரில் போட்டுத் துப்புரவாக்குகிறேன் என்று கிளம்பாதே. அம்மாவிடம் இப்போதைக்கு ஒன்றும் சொல்லாதே, அன்றைக்கு வரவேற்பை வீடியோவில் பார்க்கும்போது அவளே கேட்கட்டும். தர்ஷினியை மட்டும் ஹோல் வாசலில் கொஞ்சம் நிறுத்தி வை. அம்மா சொல்லி முடிக்கிற இடத்தில் சீ மேஜர் திரும்ப வரும். அப்போது அவள் உள்ளே காலெடுத்து வைக்கட்டும்.

உன் அப்பா